நூல் வாங்க யாரிடம் கேட்பது?

கேள்வி: திருப்பூரில் 85 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி எங்களுடையது. 1993இல் அப்பா எட்டு மெஷின்களோடு தொடங்கினார். மூன்று ஆண்டுகளாக நிர்வாகத்தை நான் பார்த்துவருகிறேன். அப்பாவும் தினமும் காலையில் வந்து தளத்தைச் சுற்றிப் பார்த்து, தேவையானதைச் சொல்லிவிட்டுப் போவார். 22 ஆண்டுகளாக எங்களிடம் இருக்கும் மேற்பார்வையாளருக்கும், ஆர்டர்களைக் கவனிக்க நான் புதிதாக எடுத்த மெர்ச்சன்டைசருக்கும் ஒத்துப்போவதில்லை. டெய்லர்கள் இரண்டு மாதம்கூட நிலைப்பதில்லை. சென்ற மாதம் நானும் அப்பாவும் காங்கேயத்தில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தபோது நிறத்துக்கேற்ற நூல் தீர்ந்துபோனது. கணக்காளர் பணம் தர மறுத்ததால் ஒரு தையல் லைன் முழுவதும் மாலைவரை சும்மா இருந்தது. அந்தச் சரக்கைக் கடைசியில் விமானத்தில் அனுப்ப நேர்ந்தது. யாருக்கும் பொறுப்புணர்ச்சியே இல்லை என்று தோன்றுகிறது. ஆட்களை நிர்வகிப்பதற்கு அடிப்படை நெறிகள் என்று ஏதேனும் உண்டா? பழைய மேற்பார்வையாளரை அனுப்பிவிடுவதுதான் வழியா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்த நூல் தீர்ந்துபோன பிற்பகலில்தான் என் மனம் நின்றது. கணக்காளருக்குப் பொறுப்புணர்ச்சி இல்லை என்று நீங்கள் எழுதுகிறீர்கள். ஆனால், முதலாளியோ பெரியவரோ சொல்லாமல் பெட்டியிலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்பது அவருக்கு நீங்கள் இட்ட கட்டளையாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதை அவர் அப்படியே காத்தார். மேற்பார்வையாளர் தம் கையிலிருந்து பணத்தைப் போட்டு நூல் வாங்கவில்லையே என்று உங்களுக்கு வருத்தம் இருக்கலாம். அப்படி வாங்கியிருந்தால், மறுநாள் காலையில் தளத்துக்கு வரும் உங்கள் தந்தையார் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது அவருக்குத் தெரியாது. அன்று மாலைவரை சும்மா உட்கார்ந்திருந்த லைனில், உத்தரவை மீறினால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். வேலை நின்றால் யார் முடிவெடுக்கலாம் என்பதை மட்டும் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

இதே நிகழ்ச்சி ஏறக்குறைய இதே வடிவில் 1861இல் பிரான்சு நாட்டில் கொமான்ட்ரி என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்திருக்கிறது. அங்கே இளம் பொறியாளராக இருந்த ஆன்றி ஃபயோல் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். சுரங்கத்தின் ஆறாம் மட்டத்தில் வண்டி இழுத்த குதிரைக்குக் கால் முறிந்துவிட்டது. மாற்றுக் குதிரை கேட்டு ஃபயோல் சீட்டு எழுதி அனுப்பினார். இயக்குநரின் கையெழுத்து இல்லை என்று சொல்லி லாயக்காரர் மறுத்துவிட்டார். இயக்குநர் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக முடிவெடுக்க யாரும் நியமிக்கப்படவும் இல்லை. எவ்வளவு மன்றாடியும், தமக்குத் தெளிவான உத்தரவு இருக்கிறது என்பதையே லாயக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைய ஆறாம் மட்டத்து உற்பத்தி முழுவதும் போயிற்று. லாயக்காரரின் குணத்தைக் குறை சொல்வதோடு ஃபயோல் நின்றுவிடவில்லை; அதிகாரம் எங்கே இருக்கிறது, அது இல்லாத நேரத்தில் எங்கே போகிறது என்று கேட்டார். பின்னாளில், 1888இல், திவாலாகும் நிலையில் இருந்த அதே நிறுவனத்தின் தலைமைக்கு வந்து அதை நிமிர்த்தினார்; ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதை நடத்திய அனுபவத்திலிருந்து 1916இல் 14 நிர்வாக நெறிகளை வெளியிட்டார். நீங்கள் கேட்கும் அடிப்படை நெறிகள் பெரும்பாலும் அங்கிருந்து கிளைத்தவைதாம். அவற்றில் உங்களுக்கு இப்போது பயன்படக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, பொறுப்பு எவ்வளவோ அவ்வளவு அதிகாரம். சரக்கு குறித்த நாளில் போக வேண்டும் என்ற பொறுப்பை மேற்பார்வையாளரின் தலையில் வைத்திருக்கிறீர்கள். ஒரு கோன் நூல் வாங்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. அந்த நிலையில் மனிதர்கள் தங்களைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். நாளொன்றுக்கு இவ்வளவு ரூபாய் வரை, நூல், ஊசி, மெஷின் உதிரி, அவசர வண்டி வாடகை ஆகியவற்றுக்கு மேற்பார்வையாளர் கையெழுத்திட்டால் கணக்காளர் கொடுக்கலாம், மறுநாள் காலை பில்லோடு உங்களிடம் காட்டினால் போதும் என்று ஒரு தாளில் எழுதி இருவருக்கும் கொடுங்கள். தொகை 5,000 ஆக இருக்கலாம், 10,000 ஆக இருக்கலாம். ஒரு லைன் அரை நாள் நின்றால் உங்களுக்கு ஆகும் இழப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் எந்தத் தொகை பொருந்தும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி அவர் முதன்முறையாக ஒரு தவறு செய்வார். ஐந்து கோன் போதும் என்ற இடத்தில் இருபது வாங்கிவிடுவார். அன்று நீங்கள் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டாலோ, ஓசையில்லாமல் அந்த அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாலோ, அந்தத் தாள் கிழிந்ததாகவே பொருள். தனியே அழைத்து, ஏன் இருபது என்று கேட்டு, அடுத்த முறை எப்படிக் கணக்கிடலாம் என்று சேர்ந்து பாருங்கள்.

இரண்டாவது நெறியில் நான் சற்று நீண்ட நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான் இருப்பதாக நினைக்கிறேன். ஒரு தொழிலாளி ஒருவரிடமிருந்து மட்டுமே கட்டளை பெற வேண்டும் என்பது அது. உங்கள் தளத்தில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு டெய்லரின் இடத்திலிருந்து பாருங்கள். காலையில் பெரியவர் வந்து, அந்தப் பழைய ஆர்டரை முதலில் முடி என்கிறார். பதினொரு மணிக்கு மெர்ச்சன்டைசர் வந்து, சரக்கு வாங்கும் பையர் போன் செய்தார், இந்த ஸ்டைலின் சாம்பிள் உடனே வேண்டும் என்கிறார். மேற்பார்வையாளர் வந்து, யாரைக் கேட்டு பண்டிலை மாற்றினாய் என்கிறார். மாலையில் நீங்கள் வந்து இன்றைய எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று கேட்கிறீர்கள். இவர்களெல்லாம் போக, அவரை ஊரிலிருந்து அழைத்துவந்து தங்கவைத்து வாரக் கூலியைக் கையில் கொடுக்கும் கான்ட்ராக்டர் ஒருவர் இருக்கிறார். உண்மையில் அந்தத் தொழிலாளி முதலாளியாக நினைப்பது அவரைத்தான். ஐந்து பேரின் சொல்லுக்கு நடுவில் நிற்பவர், யாருடைய கோபம் அதிகம் சுடும் என்று பார்த்து அதற்கேற்ப வேலை செய்வார், அல்லது சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு அடுத்த தெருக் கம்பெனிக்குப் போய்விடுவார்.

ஒரே தொழிலாளிக்குப் பல துறை மேற்பார்வையாளர்கள் இருக்கலாம் என்று அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லர் வாதிட்டார். வேகத்துக்கு ஒருவர், பழுதுபார்ப்புக்கு ஒருவர், ஆய்வுக்கு ஒருவர் என்று எட்டுப் பேர் வரை அவர் வகுத்தார். ஃபிரெடெரிக் டெய்லரை மிகவும் மதித்த ஃபயோல் இந்த ஒரு இடத்தில் அவரோடு உறுதியாக மாறுபட்டார். பெரிய ஆலைகளில் தனித்திறன் கொண்ட பலர் ஆலோசனை சொல்வது தவிர்க்க முடியாதது என்பது உண்மைதான். ஆயினும் ஆலோசனை பலரிடமிருந்து வரலாம், கட்டளை ஒருவரிடமிருந்து வர வேண்டும் என்ற வேறுபாட்டைக் காப்பாற்றாத எந்த இடத்தையும் நான் அமைதியாகப் பார்த்ததில்லை. கட்டளை இரட்டிப்பது பெரும்பாலும் மேலிருந்தே தொடங்குகிறது என்பதையும் ஃபயோல் சுட்டிக்காட்டினார்: இரண்டு கூட்டாளிகள், இரண்டு நண்பர்கள், அல்லது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர், அதிகாரத்தைப் பிரித்துக்கொள்ளும் பேச்சை எடுக்கச் சங்கடப்பட்டு அதைத் தள்ளிப்போடும்போது அது பிறக்கிறது என்றார்.

ஆகவே நீங்கள் முதலில் பேச வேண்டியவர் மேற்பார்வையாளர் அல்லர், உங்கள் தந்தையார். இது எளிதன்று என்பதை அறிவேன். தம் இளமையை அந்தக் கட்டடத்தில் செலவழித்தவரிடம், இனித் தளத்துக்கு வர வேண்டாம் என்று சொல்வது அன்புமில்லை, நியாயமுமில்லை, உங்கள் தொழிலுக்கு நல்லதுமில்லை. துணியைக் கையில் எடுத்த உடனே அதன் எடையைக் குறிக்கும் ஜிஎஸ்எம் குறைகிறதா, சாயம் சீராக ஏறியிருக்கிறதா என்று சொல்லக்கூடிய கண் அவருக்கு இருக்கும்; நிட்டிங், டையிங், துணி பிறகு சுருங்காமல் பதப்படுத்தும் காம்பேக்டிங் வைத்திருப்பவர்களோடு அவருக்கு இருக்கும் வாய்ச்சொல் உறவு உங்களுக்கு இன்னும் பத்து ஆண்டுகளுக்கு வராது. துணி வாங்குவதும் வெளியிலிருந்து வரும் ஜாப் ஒர்க்கின் தரமும் முழுமையாக அவருடைய முடிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதில் நீங்களும் குறுக்கிடாதீர்கள். தளத்தில் அவர் காணும் குறையை உங்களிடமோ மேற்பார்வையாளரிடமோ சொல்லட்டும். டெய்லரிடமும் அவருக்கு உதவும் கைமடியிடமும் நேரே சொல்வதை மட்டும் விட்டுவிடும்படி வேண்டிக்கொள்ளுங்கள். தீப்பொறி, மின்கசிவு போன்ற ஆபத்து என்றால் யாரும் யாரிடமும் சொல்லலாம். இந்தப் பேச்சை அலுவலகத்தில் வைத்துக்கொள்ளாமல், வீட்டில், அவர் ஓய்வாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்த பின் அவர் ஒன்றிரண்டு முறை பழைய வழக்கப்படி நேரே சொல்லத்தான் செய்வார். அப்போது தொழிலாளி முன்னால் அவரை மறுத்துப் பேசாதீர்கள். மாலையில் அவரிடம் நினைவூட்டினால் போதும்.

அதே ஒழுங்கு உங்களுக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிட வேண்டாம். நீங்கள் மேற்பார்வையாளரைத் தாண்டி லைனுக்குள் போய் வேலையை மாற்றும் ஒவ்வொரு முறையும், அவர் சொல்லுக்கு மதிப்பில்லை என்று அந்த லைனுக்கு அறிவிக்கிறீர்கள்.

உங்களிடம் நேரடியாக எத்தனை பேர் வருகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த அளவு கம்பெனிகளில் நான் கண்டவரை கட்டிங் மாஸ்டர், லைன் மேற்பார்வையாளர்கள், செக்கிங், அயர்னிங், பேக்கிங், ஸ்டோர், மெக்கானிக், கணக்கு, மெர்ச்சன்டைசர், கான்ட்ராக்டர்கள் என்று குறைந்தது பன்னிரண்டு பேர் முதலாளியின் மேசைக்கே வருவார்கள். கிரைகுனாஸ் என்ற நிர்வாக ஆலோசகர் 1933இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு தலைவருக்குக் கீழ் நான்கு பேர் இருந்தால், அவர் அவர்களோடு தனித்தனியாகவும் குழுவாகவும், அவர்கள் தங்களுக்குள்ளும் கொள்ளக்கூடிய உறவுகள் 44. ஐந்து பேர் என்றால் 100. ஆறு பேர் என்றால் 222. பன்னிரண்டுக்கு அதே சூத்திரத்தைப் போட்டால் 24,708 வருகிறது. எல்லா உறவும் தினமும் இயங்குவதில்லை என்பதால் எண்ணை அப்படியே கொள்ள வேண்டியதில்லை. ஆள் ஒன்று கூடும்போது சிக்கல் ஒன்றாகக் கூடுவதில்லை, பெருகுகிறது என்பதே அதன் பயன். நான்கு பேர் உங்களிடம் வரட்டும்: உற்பத்திக்கு ஒருவர், ஆர்டருக்கும் பையருக்கும் மெர்ச்சன்டைசர், தரத்துக்கு ஒருவர், கணக்குக்கும் ஸ்டோருக்கும் ஒருவர். தரம் பார்ப்பவரை உற்பத்திக்குக் கீழ் வைக்க வேண்டாம். இன்றைக்கு எத்தனை பீஸ் என்று கேட்கப்படுபவரே இதில் எத்தனை கழிவு என்றும் சொல்ல வேண்டியிருந்தால், கழிவு பேக்கிங் பெட்டிக்குள் போகும்.

மேற்பார்வையாளருக்கும் மெர்ச்சன்டைசருக்கும் உள்ள பூசலை நீங்கள் வயது, படிப்பு ஆகியவற்றின் வேறுபாடாகப் பார்ப்பதாகத் தோன்றுகிறது. அதுவும் ஓரளவு இருக்கலாம். ஆனால் ஒருவர் தேதிக்குப் பதில் சொல்ல வேண்டியவர், மற்றவர் எண்ணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவசரச் சாம்பிள் ஒன்று லைனுக்குள் நுழைந்தால் ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு நட்டம். இருவரும் நல்லவர்களாக இருந்தாலும் இந்த மோதல் நடக்கும். ஒவ்வொரு சின்னச் செய்தியும் உங்கள் மேசை வழியாகச் சுற்றிப் போக வேண்டும் என்பதும் சரியில்லை. ஒரே மட்டத்தில் இருக்கும் இருவர், தத்தம் மேலதிகாரியின் இசைவோடு நேரே பேசி முடித்துக்கொண்டு, முடித்ததை மேலே தெரிவித்துவிடலாம் என்று ஃபயோல் இதற்கு ஒரு குறுக்குப் பாலம் போட்டுக் கொடுத்திருக்கிறார். தினமும் காலை 8.15க்குப் பத்து நிமிடம், நின்றபடியே, இருவரும் அன்றைய லைன் திட்டத்தைச் சேர்ந்து பார்க்கட்டும். சாம்பிளுக்கென்று இரண்டு மெஷின்களையும் ஒரு டெய்லரையும் தனியே ஒதுக்கிவிட முடிந்தால் இந்தச் சண்டையில் பாதி அன்றே அடங்கிவிடும். முடிவு எட்டாததை மட்டும் உங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவரும்போது இருவரும் சேர்ந்தே வர வேண்டும்.

டெய்லர்கள் நிலைக்காததைப் பற்றிச் சொல்லும்போது, நீங்கள் காரணம் எதையும் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். அவர்களைக் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளின் ஒரு பகுதியாக 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களோடு பேசினார்கள். தொடக்கத்தில் பேட்டி எடுத்தவர்கள் தயாராக எழுதிவைத்த கேள்விகளைக் கேட்டார்கள். தொழிலாளர்கள் வேறு எதையோ பேச விரும்புவதைக் கண்டு, பிறகு கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் சொல்வதை இடைமறிக்காமல் கேட்கத் தொடங்கினார்கள். அதன் பிறகே பயனுள்ளவை வெளிவந்தன. நீங்களும் விலகிப் போகிறவர்களிடமும், அதைவிட முக்கியமாக விலகாமல் இருப்பவர்களிடமும் அப்படிக் கேளுங்கள். ஒடியா, இந்தி பேசுபவர்கள் இருந்தால் கான்ட்ராக்டரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவரைப் பற்றிய குறையே பாதியாக இருக்கக்கூடும்.

என் அனுபவத்தில், இரண்டு மாதத்துக்குள் போகிறவர்களில் பலர் போவது கூலியின் அளவுக்காக அன்று, கூலியின் கணக்கு புரியாததற்காக. தைத்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட்டில் புதியவருக்குக் கை பழகும்வரை வருமானம் மிகவும் குறைவாக இருக்கும். அந்த முதல் நான்கு வாரங்களுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் தைத்த பீஸ் எத்தனை, ரேட் என்ன, அட்வான்ஸில் பிடித்தது எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு என்பது எழுதிய துண்டுச்சீட்டு அவர் கைக்கே போக வேண்டும். ஓவர்டைமுக்கு இரு மடங்குக் கூலி என்பது சட்டம். நம் ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்று சொல்லி அதைச் சாதாரண ரேட்டிலேயே முடித்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருப்பதால் அது சரியாகிவிடாது. கான்ட்ராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் அதைக் கொடுக்க வேண்டிய கடமையும் சட்டப்படி உங்களுடையதே. அப்படியிருக்க, அந்தக் கணக்கை நீங்கள் பார்க்காமல் விட்டிருப்பது வியாபாரமாகப் பார்த்தாலும் பொருந்தாது.

லைனில் பிழையைக் கண்டுபிடிப்பவர் திட்டு வாங்கும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். 1950இல் ஜப்பானுக்குச் சென்று தரக் கட்டுப்பாட்டைக் கற்பித்த எட்வர்ட்ஸ் டெமிங், நிறுவனத்திலிருந்து பயத்தை வெளியேற்ற வேண்டும் என்பதைத் தம் கோட்பாடுகளில் ஒன்றாகவே வைத்தார். பயந்த டெய்லர், பிழையுள்ள ஆல்டர் பீஸை நல்ல பீஸுக்கு அடியில் வைத்துக் கட்டிவிடுவார். அது பையரின் ஆய்வில்தான் வெளியே வரும்.

இனி, உங்கள் கடைசிக் கேள்வி. 22 ஆண்டு இருந்தவரை அனுப்பிவிடலாமா என்றால், இப்போது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கையில் அதிகாரமே இல்லாமல், இரண்டு முதலாளிகளுக்கு நடுவே, எழுதப்படாத விதிகளோடு அவர் வேலை செய்திருக்கிறார். அந்த நிலையில் அவரை அளந்தது சரியான அளவு ஆகாது. அவர் இடத்தில் அதைவிடத் திறமையானவரை நீங்கள் வைத்தாலும் ஆறு மாதத்தில் அவரும் இப்படித்தான் ஆகியிருப்பார். மேலே சொன்ன மாற்றங்களைச் செய்துவிட்டு, அவரை உட்காரவைத்து, உற்பத்திப் பொறுப்பு இனி உங்களுடையது, இன்னின்ன முடிவுகளை என்னைக் கேட்காமல் எடுக்கலாம், இன்னின்னவற்றுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆறு மாதம் கொடுங்கள். தினசரி எண்ணிக்கை, ஆல்டர் எண்ணிக்கை, லைன் நின்ற நிமிடங்கள், விலகிய டெய்லர்களின் பெயரும் அவர்கள் இருந்த நாட்களும் ஆகிய நான்கை மட்டும் ஒரு நோட்டில் அவரே எழுதிவரட்டும். வாரம் ஒருமுறை அந்த நோட்டை வைத்துக்கொண்டு இருவரும் அரை மணி நேரம் பேசுங்கள். அதன் பிறகும் அவரால் முடியவில்லை என்றால், அது அவருக்கே அந்தப் பக்கங்களில் தெரிந்திருக்கும். தையல் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கோ செக்கிங் பொறுப்புக்கோ மரியாதையோடு மாற்ற அப்போது வழி இருக்கும். ஆறு மாத முடிவில் அந்த நோட்டில் கண்டதை எனக்கு எழுதுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.